முந்தைய கட்டம்

சேலத்தில் ஒரு மருத்துவமனை. பெயர் இங்கே தேவையில்லை. அம்மாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்து பத்து நாள் கழித்து பயாப்ஸி முடிவு வந்திருந்தது. டாக்டர் காகிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹெச். பைலோரி இருக்கு, 14 நாளைக்கு மாத்திரை எழுதறேன். இன்டெஸ்டைனல் மெட்டாப்ளேசியா இருக்கு. மூணு வருஷம் கழிச்சு இன்னொரு ஸ்கோப் பாத்துக்கலாம்." நான் அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் நான். மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு ஏறும்வரை சிக்னல் இருந்தது, கூகுளில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் சிக்னல் போனது. அம்மா கேட்டாள், "என்ன கண்ணு போட்டிருக்குது அதுல?"

"ஒண்ணுமில்லம்மா. கேன்சருக்கு முந்தின கட்டம் மாதிரி. கேன்சர் இல்ல."

ஏற்காட்டில் இறங்கி வாழவந்திக்கு அடுத்த பஸ் பிடிக்கும்வரை அம்மா பேசவில்லை. அடுத்த நாள் நான் பெங்களூர் வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். அம்மா மாட்டை விற்றுவிட்டாள். காதுத்தோட்டைக் கழற்றி அக்கா மகளுக்குப் போட்டுவிட்டாள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் சில்வர் ஓக் மரங்களில் புதிதாக நாலு மிளகுக்கொடி ஏற்றுவாள், இந்த வருஷம் வேண்டாம் என்றிருக்கிறாள். மிளகு நட்டால் காய்ப்புக்கு வர மூன்று வருஷம் ஆகும். டாக்டர் சொன்ன கணக்கும் மூன்று வருஷம்.

நான் சொன்ன வாக்கியத்தில் மருத்துவரீதியாகப் பெரிய பிழை கிடையாது. பாடப்புத்தகங்களே இந்த நிலையை அந்தப் பட்டியலில்தான் வைக்கின்றன. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் ஒரு மாட்டை விற்கவைத்தது. அந்த வாக்கியத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தபோது, பதில் என் புத்தக அலமாரியிலேயே இருந்தது.

பேரரசரின் பிறப்புச் சான்றிதழ்

சித்தார்த்தா முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்' 2010-ல் வந்தது, 2011-ல் புலிட்சர் பரிசு பெற்றது. என் தலைமுறையில் இன்ஜினியரிங் படித்துவிட்டு இலக்கியம் பக்கம் வந்தவர்களில் பாதிப் பேரை அறிவியல் எழுத்துக்கு இழுத்து வந்த புத்தகம் அது. முதல் வேலையில் இருந்தபோது நானும் இரண்டு வாரம் தூக்கம் கெட்டுப் படித்தேன். இப்போது மறுபடி எடுத்தேன். இன்றைக்கும் அது பெரிய புத்தகம்தான். சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு மல்லுக்கட்டும் பக்கங்களையும், மார்பை வெட்டி வெட்டி அகலமாக்கிக்கொண்டே போன ஹால்ஸ்டெட்டின் அறுவைசிகிச்சைகளைப் பற்றிய பக்கங்களையும் யாரும் எளிதில் மறக்க முடியாது.

பிரச்சினை துணைத்தலைப்பில் இருக்கிறது: புற்றுநோயின் வாழ்க்கை வரலாறு. வாழ்க்கை வரலாறு என்றால் ஒரு நாயகர் வேண்டும், அவர் பிறந்திருக்க வேண்டும். பிறப்பதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அவருடைய முன்னோர் கதையாகத்தான் வர முடியும். பேரரசர் என்று பெயர் வைத்துவிட்டால் படையெடுப்பு, கோட்டை, முற்றுகை எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. இரண்டாம் பகுதியின் தலைப்பிலேயே போர் இருக்கிறது.

தடுப்பைப் பற்றிய நான்காம் பகுதியில் பாப்பனிக்கோலாவின் கதை வருகிறது. கருப்பைவாய் செல்களைச் சுரண்டியெடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கும் பாப் சோதனையைக் கொண்டுவந்தவர் அவர். 1952-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பகுதியில் சுமார் 1,50,000 பெண்களிடம் அதைச் செய்து பார்த்தார்கள். பரவத் தொடங்கிய புற்று 555 பேருக்கு இருந்தது. அதற்கு முந்தைய மாற்றங்கள் 557 பேருக்கு இருந்தன. இரண்டாவது குழுவின் சராசரி வயது முதல் குழுவைவிட ஏறக்குறைய இருபது வருஷம் குறைவு. புற்றுநோய் திடீரென்று குதிப்பதில்லை, படிப்படியாக வருகிறது என்பதற்கு முகர்ஜி இதை ஆதாரமாகக் காட்டுகிறார். சரிதான்.

ஆனால் அந்த இருபது வருஷத்தை அவர் யாருடைய இருபது வருஷமாகப் படிக்கிறார் என்று பாருங்கள். புற்றுநோயின் இளமைப் பருவமாகப் படிக்கிறார். அந்த 557 பெண்களுக்கு அது சமைத்து, வேலைக்குப் போய், பிள்ளைகளோடு சண்டை போட்டு வாழ்ந்த காலம். இவர்களில் எத்தனையோ பேரின் உடலில் மாற்றம் அப்படியே நின்றுபோயிருக்கும், சிலருக்குத் திரும்பியும் போயிருக்கும். 'முந்தைய' என்ற சொல் இவர்கள் எல்லோரையும் வராத ஒன்றின் பெயரால் அழைக்கிறது. அந்தக் கணக்கில் நாம் எல்லோருமே பிணத்துக்கு முந்தைய கட்டம்தான். பஸ்ஸில் நான் அம்மாவுக்குக் கொடுத்தது இந்தச் சொல்லை.

வயிற்றில் முளைத்த குடல்

மெட்டாப்ளேசியா என்றால் என்ன? முதிர்ந்த ஒரு திசு இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு வகை முதிர்ந்த திசு வந்து உட்கார்வது. அவ்வளவுதான். வந்து உட்காரும் திசு ஊனமானதல்ல, அதன் சொந்த இடத்தில் அது முழு ஆரோக்கியமான திசு. இடம்தான் தப்பு. இந்தச் சொல்லை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் ருடால்ஃப் விர்ஹோ. 1884-ல் இந்தத் தலைப்பிலேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். டைஃபஸ் கொள்ளைநோயை ஆராய 1848-ல் மேல் சிலேசியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வறுமையையும் ஆட்சியையும் குற்றம்சாட்டி அறிக்கை எழுதித் திரும்பிய அதே விர்ஹோ.

அம்மாவின் வயிற்றை எடுத்துக்கொள்வோம். ஹெச். பைலோரி என்ற பாக்டீரியா பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றி, இரைப்பையின் உள்சுவரில் குடியேறிவிடுகிறது. அமிலத்தில் எதுவும் வாழாது என்று நம்பிக்கொண்டிருந்த உலகத்துக்கு இதைக் காட்டியதற்காகத்தான் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் வாங்கினார்கள். இந்தப் பாக்டீரியா கிளப்பும் அழற்சி வருஷக்கணக்காகத் தணியாமல் எரிகிறது. ஒரு கட்டத்தில் சில இடங்களில் இரைப்பைச் சுரப்பிகள் அழிந்துபோகின்றன. அந்த இடத்தில் குடலின் உட்சுவர் வளர்கிறது, இரைப்பையில் இருக்கவே கூடாத கோப்பை வடிவச் செல்களோடு. முதிர்ந்த செல் ஒன்று வேஷம் மாற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். திசுவுக்கு அடியில் உள்ள மூலச்செல்கள் அடுத்த தலைமுறையை வேறு மாதிரி பெற்றுப்போடுகின்றன.

எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே கோட்பேஸ்தான், எந்த மாட்யூல் ஓடும் என்பதுதான் வித்தியாசம். சிடிஎக்ஸ்2 என்ற மரபணு வளர்ந்த உடம்பில் குடலில் விழித்திருக்கும், இரைப்பையில் தூங்கும். 2002-ல் ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலிகளின் இரைப்பையில் அதை வலிந்து இயக்கினார்கள். இரைப்பையில் குடல் முளைத்தது. என் தொழிலில் இதை ஒரு கான்ஃபிக் ஃப்ளாக் என்போம்.

இதில் என்னை உறையவைத்த தகவல் ஒன்று உண்டு. ஹெச். பைலோரியால் குடல்வகைத் திசுவில் எளிதாக ஒட்டி வாழ முடியாது. இரைப்பை குடலாக மாறிய இடங்களை விட்டு அது விலகிவிடுகிறது. அதாவது இந்த மாற்றம் வேலை செய்கிறது! எரிகிற வீட்டில் எரியாத அறை ஒன்றைக் கட்டிக்கொண்ட மாதிரி.

விலை என்ன? அமிலச் சுரப்பு குறைகிறது. மாறிய திசுவில் காலப்போக்கில் கோளாறுகள் சேர்ந்தால், செல்கள் ஒழுங்குகெட்டு வளரும் டிஸ்ப்ளேசியா வரலாம், அதிலிருந்து புற்று வரலாம். எத்தனை பேருக்கு? நெதர்லாந்தின் தேசிய நோயியல் பதிவுகளை வைத்து 2008-ல் வந்த ஆய்வில் குடல்வகை மெட்டாப்ளேசியா இருந்தவர்களில் ஆண்டுக்கு 0.25 சதவீதம். ஆயிரம் பேரில் இரண்டு அல்லது மூன்று. ஒழுங்குகேடு முற்றிய நிலையில்தான் அது ஆண்டுக்கு 6 சதவீதமாகக் குதிக்கிறது. அந்த இரண்டு மூன்று பேர் நிஜமான ஆட்கள், அதில் சந்தேகமில்லை. மிச்சமுள்ள தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதுதான் என் புகார்.

உடம்பு முழுக்க இதே கதை நடக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் உண்டு, அவை தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சிகரெட் புகை தொடர்ந்து பட்டால் அந்த மென்மையான செல்களின் இடத்தில் தட்டையான, தடித்த செல்கள் வருகின்றன. ஆஸ்கர் ஆவர்பாக் 1950-களில் இறந்த புகைபிடிப்பவர்களின் மூச்சுக்குழாய்களை வெட்டி வெட்டி இதைப் பதிவு செய்தார். புது செல்கள் புகையைத் தாங்கும், ஆனால் சளியைத் தள்ளாது. அதனால் இருமல்தான் தள்ளியாக வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் தொட்டதில்லை. ஆனால் மலைக்குளிருக்கு வீட்டுக்குள்ளேயே அடுப்பு, கவாத்து செய்த ஈரக் காப்பிக் குச்சிதான் விறகு. கேஸ் வரும்வரை உத்திரமெல்லாம் கரியாக இருந்தது. அம்மாவின் இருமலை நாங்கள் மணியடிப்பதைப் போல ஒரு பழகின சத்தமாகக் கேட்டு வளர்ந்தோம். உத்திரத்தில் கரி படிந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மூச்சுக்குழாயில் என்ன படிந்திருக்கும் என்று யோசிக்கவில்லை.

இன்னொரு இடம் கருப்பைவாய். பெண் வயதுக்கு வரும் காலத்தில் ஹார்மோன்களால் உட்புறத்து மெல்லிய செல்கள் வெளியே வருகின்றன. அங்கே உள்ள அமிலத்தன்மைக்கு ஈடுகொடுக்க அவை தட்டைச் செல்களாக மாறுகின்றன. ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் நடக்கும் இயல்பான மெட்டாப்ளேசியா இது, நோயே இல்லை. ஆனால் மாறிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன வளையத்தில்தான் ஹெச்பிவி வைரஸ் கால் ஊன்றுகிறது. கருப்பைவாய்ப் புற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சொல் பிரச்சினை

தமிழில் இதற்கு உருமாற்றம் என்று எழுதுகிறார்கள். காஃப்காவின் கதைக்கும் அதே சொல்தான். கிரெகோர் சாம்சா ஒரே இரவில் பூச்சியாகிறான், வீட்டில் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது. மெட்டாப்ளேசியாவுக்கு வருஷங்கள் ஆகும், சொந்தக்காரருக்கே தெரியாது. இரண்டுக்கும் ஒரே சொல் ஒத்துவரவில்லை. கிரேக்க மூலத்தில் 'பிளாசெய்ன்' என்றால் களிமண்ணைப் பிசைந்து உருவாக்குவது. நம்மிடம் அதற்கு அச்சான சொல் இருக்கிறது: வனைதல். மெட்டாப்ளேசியாவை மறுவனைவு எனலாம். டிஸ்ப்ளேசியா கோணல் வனைவு. நியோப்ளேசியா, அதாவது கட்டி, புதுவனைவு. பாடநூல் குழு ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் சொல்லவில்லை. சக்கரம், மண், கை மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன, எதிரி மட்டும் இல்லை. அதற்காகத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழ் சினிமா பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) தொடங்கி 1982-ல் ஒரே வருஷத்தில் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' வரை புற்றுநோய் என்பது திரைக்கதைக்கு வேண்டிய நேரத்தில் வந்து இறங்கும் விதி. அதற்கு முன்கதை கிடையாது. அம்மாவுக்குக் கேன்சர் என்ற சொல் தெரிந்ததே அந்தப் படங்களில்தான். அவள் மாட்டை விற்றதில் எனக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்தப் படங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இதற்கெல்லாம் மருந்தாக எல்லோரும் சூசன் சான்டாக்கைக் காட்டுவார்கள். 'இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்' 1978-ல் வந்தது. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த அனுபவத்துக்குப் பிறகு எழுதினார், ஆனால் தன் நோயைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் நாம் போர்த்திய கற்பனைகள் நோயாளியைக் குற்றவாளியாக்குகின்றன, உருவகங்களைக் கழற்றிவிட்டு நோயை நோயாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். போர்மொழியைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கழற்றிவிட்டால் கீழே என்ன இருக்கும்? மெட்டாப்ளேசியா என்ற பெயரிலேயே ஒரு குயவர் உட்கார்ந்திருக்கிறார். செல் என்ற சொல்லே சிற்றறை என்ற உருவகம். நியூயார்க்கில் படித்த வாசகருக்கு உருவகம் இல்லாத விளக்கம் ஒருவேளை கிடைக்கலாம். மலைப்பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன போட்டிருக்குது" என்று கேட்பவருக்கு ஏதாவது ஒரு உருவகத்தைத்தான் கொடுக்க முடியும். எதைக் கொடுப்பது என்பதைப் பற்றி சான்டாக் பேசுவதில்லை.

மலையும் கடலும்

மறுவனைவின் கதையை எழுதினால் அதில் நாயகர்கள் எப்படி இருப்பார்கள்? ஒருவர் நார்மன் பாரெட். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் குடல்வகைத் திசு வருவதை பாரெட் உணவுக்குழாய் என்கிறோம். வேடிக்கை என்னவென்றால் 1950-ல் அவர் எழுதிய கட்டுரையில், அது உணவுக்குழாயே இல்லை, நெஞ்சுக்குள் இழுபட்ட இரைப்பை என்று வாதிட்டார். 1953-ல் அல்லிசனும் ஜான்ஸ்டோனும் அது உணவுக்குழாய்தான் என்று காட்டினார்கள். 1957-ல் பாரெட் ஒப்புக்கொண்டார். பெயர் மட்டும் அவருடையதாகவே நின்றுவிட்டது. தவறான பக்ஃபிக்ஸ் போட்டவர் பெயர் கமிட்டில் நிலைத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர் பெலாயோ கொரேயா. கொலம்பியாக்காரர். அங்கே நரீன்யோ மாநிலத்தில் ஆண்டீஸ் மலைமேல் இரைப்பைப் புற்று மிக அதிகம். அதே மாநிலத்தின் பசிபிக் கடற்கரையில் மிகக் குறைவு. ஹெச். பைலோரி இரண்டு இடத்திலும் பரவலாக இருக்கிறது. கொரேயா 1975-ல் சக ஆய்வாளர்களோடு ஒரு வரிசையை முன்வைத்தார்: நீடித்த அழற்சி, சுரப்பிகள் தேய்தல், குடல்வகை மறுவனைவு, ஒழுங்குகேடு, புற்று. பாக்டீரியா அப்போது கண்டுபிடிக்கப்படவேயில்லை. உப்பு, கிணற்று நீரின் நைட்ரேட், காய்கறி போதாமை என்று அவர் சாப்பாட்டையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிற்பாடு வந்து வரிசையின் தலையில் உட்கார்ந்தது, வரிசை மாறவில்லை. ஒரு செல்லுக்கு நடப்பதை அறிய ஒரு மலையின் சமையலறைகளைப் பார்க்க வேண்டியிருந்தது என்பதால் எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். நரீன்யோ மலையிலும் காப்பி விளைகிறது என்பது தற்செயல்தான்.

நம் பக்கம் வருவோம். 1925-ல் வோல்பாக், ஹவ் என்ற இருவர் வைட்டமின் ஏ இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கண், மூச்சுக்குழாய், உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீர்ப்பாதை எல்லாவற்றிலும் ஈரமான மென்திசு மறைந்து தோல் மாதிரியான காய்ந்த திசு வந்தது. 1933-ல் அதே இருவர் வைட்டமினைத் திரும்பக் கொடுத்தபோது திசு பழையபடி மாறுவதையும் காட்டினார்கள். மாலைக்கண் வந்த குழந்தையின் வெள்ளைவிழியில் நுரைபோல ஒரு புள்ளி தெரியும், பிட்டோ புள்ளி என்பார்கள். வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய மெட்டாப்ளேசியா அது. பசி, திசுவில் எழுதிய கையெழுத்து. பிட்டோ புள்ளி உள்ள குழந்தையின் மூச்சுக்குழாயும் குடலும்கூடத் தற்காப்பை இழந்திருக்கலாம். அப்படியென்றால் வைட்டமின் ஏ கண்ணை மட்டுமா காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றுமா?

அந்தக் கேள்விக்கான முக்கியமான சோதனைகளில் ஒன்று நடந்தது திருச்சி மாவட்டத்தில். மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த லக்ஷ்மி ரஹ்மதுல்லாவும் சகாக்களும் 15,419 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகாத வயசு. சுகாதாரத் தன்னார்வலர்கள் வாரம் ஒருமுறை சின்ன அளவில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும்தான், இன்னொரு பாதிக்கு அது இல்லாத திரவம். ஒரு வருஷத்தில் வைட்டமின் கிடைத்த குழுவில் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. பின்னால் வட இந்தியாவில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை, அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதையும் சேர்த்துத்தான் இது ஒரு கதை. வாரா வாரம் தெருத் தெருவாகப் போன அந்தப் பெண்களைப் பற்றி தமிழில் ஒரு நல்ல கட்டுரையாவது எழுதியிருக்கிறோமா?

இன்னொன்று அம்பிளிக்கை. திண்டுக்கல் மாவட்டம், ஒட்டன்சத்திரம் பக்கம். அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் மருத்துவ மையத்தோடு சேர்ந்து ஆர். சங்கரநாராயணன் குழு நடத்திய ஆய்வு 2007-ல் 'லான்செட்'டில் வந்தது. பாப் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், ஸ்லைடு படிக்க நிபுணர் வேண்டும். இங்கே அதெல்லாம் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், நல்ல வெளிச்சம், வினிகர் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலம். கருப்பைவாயில் அதைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், ஒழுங்குகெட்ட செல்கள் உள்ள இடம் வெளுக்கும். வெளுத்த இடத்தைப் பொருத்தமானவர்களுக்கு அன்றைக்கே உறையவைத்து நீக்கிவிடலாம். 30 முதல் 59 வயது வரையான பெண்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த அந்தப் பரிசோதனையால், அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன.

இதையும் பளபளப்பாக எழுதிவிடக் கூடாது. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த ஊர்களின் பெண்களுக்கு இந்தச் சோதனை தரப்படவில்லை, வழக்கமான சிகிச்சைதான். அது அறமா என்று எரிக் சூபா போன்றவர்கள் பின்னாளில் கடுமையாகக் கேட்டார்கள். இந்தியாவில் அப்போது எந்தப் பரிசோதனைத் திட்டமும் இல்லாததுதான் வழக்கம் என்பது ஆய்வாளர்களின் பதில். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கு முழுதாக இறங்கவில்லை. ஆனால் அந்த எண்கள் இல்லாமல் எந்த அரசையும் அசைத்திருக்க முடியாது என்பதும் தெரிகிறது.

முகர்ஜி மெம்ஃபிஸுக்குத் தரும் வெளிச்சத்தை அம்பிளிக்கைக்குத் தரவில்லை என்று கோபப்படுவது அர்த்தமற்றது. அது வேறு புத்தகம், பெரும்பாலும் அமெரிக்கக் கதை. என் விமர்சனம் வடிவத்தைப் பற்றியது. போர்க்கதைக்குக் கடைசியில் வெற்றியோ தோல்வியோ வேண்டும். அம்பிளிக்கையில் காப்பாற்றப்பட்ட பெண்ணுக்கு தான் காப்பாற்றப்பட்டது கடைசிவரை தெரியாது. நடக்காமல்போன சாவுக்கு முகம் கிடையாது, அதனால் அது வாழ்க்கை வரலாறாகவும் ஆகாது. நாவலாகத்தான் எழுத முடியும் என்று நினைக்கிறேன், அல்லது ஒரு நர்ஸின் நோட்டுப் புத்தகமாக.

சாமை

பொங்கலுக்கு வாழவந்தி போனபோது இதையெல்லாம் மனதில் வைத்து அம்மாவிடம் மறுபடி பேசினேன். என் முதல் முயற்சி படுதோல்வி. "ஆபீஸ்ல சிஸ்டம் ஒண்ணு பழுதாச்சுன்னா, நிறுத்தாம ஓடறதுக்கு ஒரு ஒட்டுப் போடுவோம்மா. ஓடும். ஆனா அந்த ஒட்டை கவனிச்சுக்கிட்டே இருக்கணும்." அம்மா கேட்டாள், "யாரு போட்டது அந்த ஒட்டு?" எனக்குப் பதில் இல்லை. சொன்னதுமே தெரிந்தது, என் உருவகமும் கோணல்தான். அதில் தெரிந்தே செய்த ஒரு டெவலப்பர் இருக்கிறார், சோம்பேறித்தனம் இருக்கிறது, குற்றமும் இருக்கிறது. அம்மாவின் வயிற்றில் யாரும் எதையும் தள்ளிப்போடவில்லை.

அப்புறம் அழற்சி, திசு, மூலச்செல் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் உள்ளூர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே போனேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பாக்கெட் பால்.

"தண்ணி பத்தலைன்னா நெல்ல உட்டுட்டு சாமை போடற மாதிரியா?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. விதை வேறு, நிலம் அதே. விளைவது நல்ல பயிர்தான். மாற்றியதற்குக் காரணம் நிலத்துக்கு வெளியே இருக்கிறது. தண்ணீர் திரும்பினால் நெல்லுக்குப் போகலாம், சில சமயம் முடியாமலும் போகலாம். என் அலமாரியில் இருந்த எதிலும் இவ்வளவு பொருத்தமாக இல்லை.

"அதேதாம்மா."

"அந்தச் சாமைக்குள்ள களை வந்துருமா?"

"ஆயிரம் காட்டுல வருசத்துக்கு ரெண்டு மூணு காட்டுல வரலாம்."

"காட்டுல களை வராமயா இருக்கும். மூணு வருசம் கழிச்சு போய்ப் பாத்துக்கலாம், அதுக்கென்ன." பாலை இறக்கினாள். "ஆடி மாசம் வர்றப்போ மொளகுப் பதியன் பத்து வாங்கிட்டு வா. நம்ம கொடி பாதி வாடிப்போச்சு."

வாங்கிப்போனேன். ஓக் மரத்தடியில் அவளே குழி எடுத்து நட்டாள். வித்த மாட்டைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை. வாங்கினவர் வெலை ஏத்திச் சொல்றார்.